இரண்டு கட்சிக்கும் பொதுவான வீடு

அங்காளிக்குப்பத்தில் தனக்கோடியின் வீட்டுக்குள் ஒன்பது வருஷமாக வெளியாள் யாரும் கால் வைத்ததில்லை. கரண்ட் கணக்கெடுக்க வருகிறவர்கூட, மீட்டர் வெளிச்சுவரில் இருப்பதால், எட்டிப் பார்த்துவிட்டு வாசலோடு போய்விடுவார்.

புதுப்பட்டினம் மார்க்கெட்டில் அவளைப் பார்க்கிறவர்கள் இதை நம்பமாட்டார்கள். அங்கே அவள் வாய்க்குப் பூட்டே கிடையாது. "இன்னா சார், சங்கராவ இப்பிடித் திருப்பித் திருப்பிப் பாக்குற? பொண்ணு பாக்க வந்தியா, மீன் வாங்க வந்தியா?" என்பாள். கல்பாக்கம் டவுன்ஷிப் ஆட்கள் சிரித்துக்கொண்டே வாங்கிப் போவார்கள். காலை ஆறு மணிக்கு ஆரம்பிக்கும் பேச்சு, பதினோரு மணிக்குக் கூடையைக் கழுவி ஷேர் ஆட்டோவில் ஏறியதும் நின்றுவிடும். ஆட்டோவில் குப்பத்துப் பெண்கள் இருப்பார்கள். அவள் ஏறினால் நகர்ந்து இடம் விடுவார்கள். பேசமாட்டார்கள். மறுநாள் காலை மார்க்கெட் திறக்கும் வரைக்கும் அவளிடம் பேச வீட்டில் ஆளில்லை. ஒரே பிள்ளை ஆனந்தன் பட்டாளத்தில் இருந்தான். அவன் போன் செய்கிற அன்று மட்டும் விதிவிலக்கு.

இத்தனைக்கும் அவள் கொலை செய்தவளும் இல்லை, கோள் சொன்னவளும் இல்லை. புருஷன் பிணத்தின் மேலிருந்து இரண்டு கொடிகளை எடுத்துக் கீழே போட்டாள். அவ்வளவுதான் குற்றம்.

அவள் பிறந்தது மாமல்லபுரத்துப் பக்கம். சின்ன வயதில் கல்கோயில் வாசலில் வெள்ளைக்காரர்களிடம் சிப்பி மாலை விற்று வளர்ந்தவள். பத்தொன்பது வயதில் அரசுவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அரசுவுக்குப் படகில் பாதிப் பங்கு, கட்சியில் முழுப் பங்கு. கட்சியின் பெயர் இங்கே வேண்டாம். குப்பத்திலும் யாரும் பெயர் சொல்லிப் பேசுவதில்லை. கன்னியம்மன் கோயிலுக்கு வடக்கே இருக்கிறவர்கள் ஒரு கட்சி, தெற்கே இருக்கிறவர்கள் எதிர்க்கட்சி. வடக்கு, தெற்கு என்றாலே எல்லாருக்கும் புரியும். தெற்கே ஒரு வீட்டில் காதுகுத்து என்றால், வடக்கே இருக்கிறவர்களுக்கு அன்றைக்குப் பார்த்து வலை தைக்கிற வேலை வந்துவிடும். ஒரே கடலில் மீன் பிடித்து, ஒரே கன்னியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்கள்தான். ஆனால் ஊற்றுவது இரண்டு அண்டாவில்.

அரசு இருபத்திரண்டு வருஷம் வடக்கின் கிளைச் செயலாளர். உள்ளாட்சித் தேர்தலில் நிற்க அவனுக்கு வாய்ப்புக் கிடைக்கும் என்று இருந்தபோது, வேறொருவன் பெயரைச் சொல்லிவிட்டார்கள். கோபத்தில் தெற்குக் கட்சியின் கூட்டத்துக்குப் போய், மேடையேறி அவர்கள் துண்டைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். அடுத்த எட்டாம் நாள் படகைக் கரையேற்றும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை.

செத்தவருக்குக் கட்சிக் கொடி போர்த்துவது இந்தப் பக்கத்தில் பெரிய மரியாதை. உயிரோடு இருக்கும்போது ஒரு டீ வாங்கித் தராத கட்சியும் செத்தால் கொடியும் மாலையுமாக வந்துவிடும். அரசுவுக்கு இரண்டு கட்சியும் வந்தன. இருபத்திரண்டு வருஷ உழைப்பு எங்களுடையது என்றார்கள் வடக்கே. கடைசி மூச்சு எங்களுடையது என்றார்கள் தெற்கே. ஒருவர் போர்த்திய கொடியை இன்னொருவர் உருவினார்கள். இழுத்த இழுப்பில் அரசுவின் தலை பெஞ்சிலிருந்து சரிந்தது. அழுதுகொண்டிருந்த தனக்கோடி அப்போதுதான் எழுந்தாள். இரண்டு கொடியையும் சுருட்டி வாசலில் போட்டாள். துணிக்கொடியில் காய்ந்துகொண்டிருந்த போர்வையை எடுத்துவந்து புருஷனைக் கழுத்துவரை மூடினாள்.

"எம்புருஷன் எம்புருஷனாவே போவட்டும். எல்லாம் எட்டப் போங்க," என்றாள்.

எட்டத்தான் போனார்கள். கொடியைத் தரையில் போட்டவள் என்று இரண்டு பக்கமும் அவளை விட்டுவிட்டது. ஊர்ப் பஞ்சாயத்தில் யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அபராதம் கட்டிவிட்டு உள்ளே வந்திருக்கலாம். மற்றவர்களை அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது சந்திரம்மாதான். அரசுவின் அண்ணன் காத்தவராயனின் பெண்டாட்டி. சுனாமிக்குப் பிறகு கட்டித்தந்த வீடுகளில் இருவருக்கும் பொதுச்சுவர். குடிதண்ணீர்க் குழாயும் பொது. தம்பி விட்ட கிளைச் செயலாளர் பதவி காத்தவராயனுக்கு வந்தது. பதவியோடு கட்டுப்பாடும் வந்தது. அன்றிலிருந்து சந்திரம்மா குழாயடியில் குடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் மகள் சுவேதாவை எட்டு வயதுவரை குளிப்பாட்டித் தலைசீவியது தனக்கோடி. அந்தப் பெண்ணும் தெருவில் தலையைக் குனிந்துகொண்டு போகப் பழகிக்கொண்டது.

சுவருக்கு அந்தப் பக்கம் சந்திரம்மா மிளகாய் வறுத்தால் இந்தப் பக்கம் தனக்கோடிக்குத் தும்மல் வரும். அவ்வளவு நெருக்கம். யாராவது ஒருத்தர் அந்த வாசற்படியைத் தாண்டி வரவேண்டும், வந்தவர் மறுபடி போய்விடக் கூடாது என்பதுதான் தனக்கோடி கன்னியம்மனிடம் ஒன்பது ஆடி மாதமும் கேட்டது. அந்த ஒருத்தர் சந்திரம்மாவாக இருந்தால் இன்னும் நல்லது.

அந்த ஒன்பதாம் வருஷ முடிவில், மே மாதம், நாட்டின் வட எல்லையில் சண்டை வந்தது. ஆனந்தன் அந்தப் பக்கம்தான் இருந்தான். எந்த ஊர் என்று அவன் சொல்லவில்லை, சொல்லக் கூடாதாம். திங்கட்கிழமை சாயங்காலம் போன் செய்தான்.

"அம்மா, நாலஞ்சு நாளிக்கி போன் வராது. பேஜார் ஆவாத. வேளாவேளைக்குத் துன்னு."

"நீ துன்னியாடா?"

"துன்னன்மா. வெக்கிறன்."

புதன்கிழமை காலை மார்க்கெட்டில் எல்லார் கையிலும் செல்போன், எல்லாவற்றிலும் புகையும் நெருப்பும். அன்று அவள் யாரையும் கேலி செய்யவில்லை. கூடையிலிருந்த ஐஸ் மீனைக் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு எட்டரைக்கே வீட்டுக்கு வந்துவிட்டாள். சாயங்காலம் நாலு மணிக்குக் கல்பாக்கம் அணுமின் நிலையத்துப் பக்கமிருந்து அபாயச் சங்கு கேட்டது. ஒத்திகைதான் என்று முன்னாடியே சொல்லியிருந்தார்கள். இருந்தாலும் குப்பத்தில் பிள்ளைகள் அலற, நாய்கள் ஊளையிட, மீன்பிடித் தடைக்காலமாகையால் வீட்டிலிருந்த ஆம்பிளைகள் எல்லாம் மணலில் வந்து வானத்தைப் பார்த்தார்கள். தனக்கோடி வெளியே வரவில்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். அந்தச் சத்தம் இங்கே ஒத்திகை, அங்கே நிஜம் என்பதுதான் அவள் நினைப்பு.

அப்போது வாசலில் நிழல் விழுந்தது. சந்திரம்மா. கையில் ஒரு தூக்குச் சட்டி. படியில் ஒரு நொடி நின்றாள். பிறகு உள்ளே வந்துவிட்டாள்.

"காலைலந்து அடுப்பு மூட்டுன சத்தமே கேக்கல," என்றாள். ஒன்பது வருஷத்தில் முதல் வார்த்தை அதுதான். "கஞ்சி கீது. குடி."

தனக்கோடி குடித்தாள். குடிக்கும்போது அழுதாள். பிள்ளைக்காக அழுகிறாள் என்று சந்திரம்மா முதுகைத் தடவிக் கொடுத்தாள். பாதி அதுவும்தான்.

மூடி திறந்ததுபோல் அப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள். முதலில் காத்தவராயன். தொண்டையைச் செருமிக்கொண்டு, "நம்ம புள்ள எல்லைல நிக்கிறான். இதுல இன்னா கட்சி?" என்றார். சொல்லிவிட்டுத் தன் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் ஆறையும் கொண்டுவந்து அவள் வாசலில் போட்டார். இருட்டுவதற்குள் தெற்குச் செயலாளர் தேசிங்கு தன் ஆட்களோடு வந்தார். காத்தவராயன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் தயங்கினார். எதிராளியின் வீடு என்றால் திரும்பியிருப்பார். ஆனால் இது யார் வீடு? வடக்கும் இல்லை, தெற்கும் இல்லை. இரண்டு கட்சியும் தள்ளிவைத்த வீடு அது. அதனாலேயே இருவரும் மானம் போகாமல் உட்காரக்கூடிய ஒரே இடமாகவும் அது இருந்தது. தேசிங்கு காத்தவராயனுக்கு ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார்.

"அண்ணி, தம்பிகிட்டேந்து சேதி எதுனா வந்துச்சா?" என்று உள்ளே பார்த்துக் கேட்டார்.

தனக்கோடி டீ போட்டாள். பரணிலிருந்த கண்ணாடித் தம்ளர்களை இறக்கிக் கழுவினாள். அரசு கட்சி மாறிய அந்த வாரம் வீட்டுக்கு வந்துபோன தேசிங்குக்கு மூன்று கரண்டி சர்க்கரை வேண்டும் என்று அவளுக்கு ஞாபகம் இருந்தது. போட்டுக் கொடுத்தாள். அவருக்குச் சர்க்கரை வியாதி வந்து ஐந்து வருஷமாகிறது, அது அவளுக்கு எப்படித் தெரியும்? அவரும் சொல்லவில்லை, மூச்சுப் பிடித்துக் குடித்துவிட்டார்.

அந்த நாலு நாளும் அவள் வீட்டில் ஆள் ஓயவில்லை. அவளுடைய சின்ன டிவியை வாசலுக்கு இழுத்துப் போட்டு வடக்கும் தெற்கும் ஒன்றாகச் செய்தி பார்த்தன. பெண்கள் உள்ளே சமைத்தார்கள். குப்பம் கட்சியை மறந்து ஒரே சட்டியில் சாப்பிட்டது சுனாமிக்கு அப்புறம் அப்போதுதான். வியாழக்கிழமை பிளஸ் டூ ரிசல்ட் வந்தது. சுவேதா பாஸ். அவள் யாரிடமும் சொல்லாமல் நேரே சமையலறைக்கு ஓடிவந்து, "சித்தீ!" என்று தனக்கோடியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எட்டு வயதில் விட்ட பெண், இப்போது அவளைவிட உயரம்.

பிள்ளையிடமிருந்து போன் வருமோ என்று தனக்கோடி செல்லை இடுப்பிலேயே செருகிவைத்திருந்தாள். சாமி மாடத்தில் விளக்கு அணையாமல் பார்த்துக்கொண்டாள். ஆனால் சந்திரம்மா பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்தபடி ஊர்க்கதை பேசும்போது, நிமிஷக் கணக்கில் அவனை மறந்தும் போனாள். இந்த ஒன்பது வருஷத்தில் யார் யாருக்குக் கல்யாணம், யார் செத்தது, எந்தப் பிள்ளை யாரோடு ஓடிப்போனது என்று கேட்கக் கேட்க அவளுக்குத் தீரவில்லை. பக்கத்துத் தெருச் சேதியை வெளிநாட்டுச் சேதிபோலக் கேட்டுக்கொண்டாள்.

பட்டாளத்துக்கு ஆதரவாகச் சனிக்கிழமை சாயங்காலம் ஊர்வலம் என்று முடிவானது. கோயிலிலிருந்து இ.சி.ஆர். ரோடு வரைக்கும். கட்சிக் கொடி கூடாது, கட்சிக்கரை வேட்டி கூடாது, தேசியக் கொடி மட்டும். கரையில்லாத வேட்டி தேடி இரண்டு செயலாளர்களும் அலைந்ததைக் குப்பத்துப் பெண்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். தேசிங்கு கடைசியில் மருமகனுடைய பேண்ட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். முன்னால் கொடி பிடிக்க வேண்டியது பட்டாளத்துக்காரனின் தாய் என்று யாரும் சொல்லாமலே ஆனது. காத்தவராயன் கொடியை நீட்டியபோது தனக்கோடி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். கொடி என்றால் அவளுக்குப் பயம்.

"இது யாரு கட்சிதும் இல்ல. தெகிரியமா புடி," என்றார் அவர்.

புறப்படுகிற நேரத்தில் டிவியில் எழுத்து ஓடியது. சண்டை நிறுத்தம். சுவேதாதான் சத்தமாகப் படித்தாள். வாசலே எழுந்து குதித்தது. யாரோ சரவெடி கொளுத்தினார்கள். சந்திரம்மா தனக்கோடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "நம்ம புள்ள பொழச்சான்டி, தனக்கோடி! ஆத்தா கண்ணத் தொறந்துட்டா!" என்று அழுதாள்.

தனக்கோடியும் கும்பிட்டாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆனால் அந்தக் கட்டிப்பிடிப்புக்குள் அவள் மனசு வேறொன்று சொல்லியது. இன்னும் ரெண்டு நாள் நடந்திருக்கக் கூடாதா என்று சொல்லியது.

பெற்ற பிள்ளை குண்டு விழுகிற இடத்தில் நிற்க, இப்படியும் ஒருத்தி நினைப்பாளா? சட்டென்று சந்திரம்மாவை விலக்கிவிட்டு உள்ளே போய் முகத்தைக் கழுவினாள். நினைத்தது நினைத்ததுதான். தண்ணீர் பட்டுப் போகவில்லை.

ஊர்வலம் இப்போது வெற்றி ஊர்வலமாகிவிட்டது. இ.சி.ஆர். முனையில் காத்தவராயன் மைக்கைப் பிடித்து, போர் நின்றது நல்லது, பெரிய உயிர்ச்சேதம் இல்லாமல் முடிந்தது என்று பேசினார். அதோடு விட்டிருக்கலாம். இதற்குக் காரணம் யார் என்று சொல்லப் போனவர், வாய்தவறித் தன் தலைவர் பெயரைச் சொல்லிவிட்டார்.

"உங்க தலிவரா பார்டர்ல நின்னாரு?" என்றார் தேசிங்கு. "ஜெயிக்கிற நேரத்துல நிறுத்துனதே தப்பு. நீ இன்னாடான்னா மாலை போடுற."

"நிறுத்தாம? உம்புள்ளைய அனுப்புறியா?"

அப்புறம் அது போரைப் பற்றிய பேச்சாக இல்லை. தெருவிளக்குக்குத் தாவியது, புயல் நிவாரணத்துக்குத் தாவியது, அடுத்த வருஷத் தேர்தலுக்குத் தாவியது. கடைசியில் தேசிங்கு கத்தினார்: "ஒன் தம்பி எங்க கட்சிக்காரனா செத்தான்! அவன் மேல எங்க கொடி கெடக்கக் கூடாதுன்னு கீழ போட்ட வூடுதான உங்க வூடு?"

"எங்க வூடா?" என்றார் காத்தவராயன். "கீழ போட்டது நானா? இவதான்! உங்க கொடிய மட்டுமா போட்டா? எங்க கொடியயும்தான் போட்டா!"

எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். மூவர்ணக் கொடியைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றிருந்தாள். அந்த ஊர்வலத்தில் வடக்கும் தெற்கும் கடைசியாக ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான். கொடியைத் தரையில் போட்டவள் இவள்.

"வா, போலாம்," என்று காத்தவராயன் பெண்டாட்டியின் கையைப் பிடித்து இழுத்தார். சந்திரம்மா போனாள். கூட்டம் இரண்டாகப் பிரிந்து ரோட்டின் இரண்டு ஓரமாகத் திரும்பியது. தனக்கோடி எந்த ஓரத்தில் போவது என்று யாரும் சொல்லவில்லை. எல்லோரும் போனபின், கொடியைக் கவனமாகச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டு தனியாக நடந்து வந்தாள். அதைத் தரையில் பட விட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா?

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் கதவைத் திறந்தபோது வாசலில் நாற்காலிகள் இல்லை. மணலில் அவற்றின் கால்கள் அழுந்திய குழிகள் மட்டும் இருந்தன. திங்கட்கிழமை குழாயடியில் சந்திரம்மா நின்றிருந்தாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குடத்தைப் பார்த்தபடியே தணிந்த குரலில், "அவரு ஒத்துக்கலடி. எலெக்சன் வருதாம். தப்பா நென்ச்சுக்காத," என்றாள். தனக்கோடி தன் குடத்தைத் தள்ளி இடம் விட்டாள். "செரிக்கா," என்றாள். குடம் நிறைந்ததும் சந்திரம்மா போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் போன் அடித்தது.

"அம்மா! நல்லா கீறன்மா. ஒரு கீறல்கூட இல்ல."

அவன் பெயரையே நாலு தடவை சொன்னாள்.

"சுவேதா வீடியோ போட்டிருந்தா, இன்னிக்கித்தான் பாத்தன். ஊரே நம்ம வூட்லயாமே? தேசிங்கு மாமாவும் பெரியப்பாவும் ஒண்ணா டீ குடிக்கிறாங்க! எனக்கு நம்பவே முடியல. பக்கத்துல பெரியம்மா கீறாங்களா? குடு, பேசுறன்."

அவள் சுவரைப் பார்த்தாள். அந்தப் பக்கம் பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்டது. பொய் சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை.

"யாரும் இல்லடா. எல்லாம் போய்ட்டாங்க. சண்டை நின்ன அன்னிக்கே போய்ட்டாங்க."

அவனுக்குப் புரிந்துவிட்டது. அவளுக்கு அடக்கிவைத்ததெல்லாம் மேலே வந்தது.

"ஆனந்தா, டிவில சண்டை நின்னுடுச்சின்னு போட்டானா, எல்லாம் குதிச்சாங்க. நான் குதிக்கலடா. இன்னும் ரெண்டு நாளு நடந்தா இன்னான்னு நென்ச்சிட்டன். சந்திரம்மா இருந்திருப்பா. வூடு நெறைய ஆளு இருந்திருக்கும்."

போனில் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. லைன் அறுந்துவிட்டதோ என்று அவள் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். அறுபடவில்லை.

"அம்மா," என்றான் கடைசியில். "நான் அங்கதானம்மா இருந்தன்."

"தெரியும்டா. எனக்குத் தெரியாதா?" அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். "ஒங்கிட்ட சொல்லக் கூடாதுதான். வேற யார்கிட்டடா சொல்லுவன்?"

அவன் அழுகிறானா, கோபமா என்று அவளுக்குத் தெரியவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"இன்னும் பத்து நிமிசம் டைம் கீது எனக்கு," என்றான். "பேசுமா. எதுனா பேசு."

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். சுவேதாவுக்குத் தலைமுடி இடுப்பு வரைக்கும் வளர்ந்துவிட்டதைச் சொன்னாள்.